ஐந்து கோடுகளில் ஓர் ஆள்

முன்பள்ளியில் நாம் எல்லோரும் முதன்முதலில் வரைந்த மனிதன் ஒருவனே. தலைக்கு ஒரு வட்டம், உடலுக்கு ஒரு கோடு, கைகளுக்கு இரண்டு, கால்களுக்கு இரண்டு. பெரிய வகுப்புக்கு வந்ததும் அவனை மறந்துவிடுகிறோம். உயர்தர வகுப்பில் சேர்ந்த பிறகு நான் அவனைக் கணினித் திரையில் மறுபடி சந்தித்தேன். அவனை நடக்க வைக்கப் போய் நான் கற்றுக்கொண்டதை, அசைவூட்டத்தில் விருப்பமுள்ள தங்கைகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

குச்சி மனிதன் யாருக்குச் சொந்தம்?

குச்சி மனிதன் மிகப் பழையவன். மகாராஷ்டிர மாநிலத்து வார்லி மக்கள், நுனிகள் தொட்டுக்கொள்ளும் இரண்டு முக்கோணங்களால் உடலையும் மெல்லிய கோடுகளால் கைகால்களையும் வரைகிறார்கள். 1908இல் பிரான்ஸில் எமில் கோல், ஏறக்குறைய 700 சித்திரங்களைக் கொண்டு இரண்டு நிமிடம்கூட ஓடாத ஒரு படத்தைச் செய்தார். வரைந்து செய்யப்பட்ட அசைவூட்டப் படங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அதன் நாயகனும் கோட்டு மனிதன்தான்.

சீனாவின் சூ சிசியாங், 2000ஆம் ஆண்டளவில் ‘சியாவ் சியாவ்’ என்ற குச்சி மனிதச் சண்டைப் படங்களால் இணையத்தில் புகழ்பெற்றார். தன் உருவத்தைப் போன்ற ஒன்று நைக் நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்ததாக அவர் வழக்குத் தொடுத்தார். முதலில் வென்றார், 2006இல் மேன்முறையீட்டில் தோற்றார். வட்டத் தலையும் கோட்டுக் கைகால்களும் ஏற்கனவே எல்லோருக்கும் பொதுவானவை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. வட்டமும் கோடும் யாருக்கும் சொந்தமில்லை. அப்படியானால் ஒரு குச்சி மனிதனை இன்னொருவனிடமிருந்து பிரித்துக் காட்டுவது எது? அளவும் அசைவும்தான்.

எலும்பும் மூட்டும்

நான் பயன்படுத்தியது பீற்றர் போன் என்பவர் உருவாக்கிய ‘பிவட்’ என்ற இலவச மென்பொருள். பழைய கணினியிலும் ஓடும். அதில் உருவத்தின் மூட்டுகளில் புள்ளிகள் இருக்கும். சிவப்புப் புள்ளியை இழுத்தால் அந்த உறுப்பு திரும்பும். செம்மஞ்சள் புள்ளியை இழுத்தால் முழு உருவமும் நகரும். முந்தைய சட்டகத்தின் நிலை சாம்பல் நிறத்தில் பின்னால் தெரியும். ஆகவே எவ்வளவு நகர்த்தினோம் என்பதைக் கண்ணால் அளக்கலாம்.

புதிய உருவம் செய்யும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, இடுப்பிலிருந்து தொடங்குங்கள். தொடையைத் திருப்பினால் கீழ்க்காலும் பாதமும் கூடவே வரவேண்டும். பாதத்தைத் திருப்பினால் தொடை அசையக்கூடாது. எந்தக் கோடு எந்தக் கோட்டில் பிறக்கிறது என்ற ஒழுங்கு பிழைத்தால் உருவம் உடைந்த பொம்மை போல ஆடும்.

இரண்டாவது, அளவு. வளர்ந்த ஒருவரின் உயரம் அவருடைய தலையைப் போல ஏறத்தாழ ஏழரை மடங்கு. சிறு பிள்ளைக்கு அது நான்கு அல்லது ஐந்து மடங்குதான். தலை வட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகமே இல்லாமல் ஆள் குழந்தையாகிவிடுவார்.

மூன்றாவது, மூட்டுகளின் எண்ணிக்கை. ஐந்து கோடுகள் நிற்கப் போதும், நடக்கப் போதாது. கைகால் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரியுங்கள். கூன் விழுந்த ஒருவர் வேண்டுமென்றால் முதுகையும் இரண்டாக்குங்கள்.

நடை

ஒரு காலடிக்கு நான்கு நிலைகள் முக்கியம். குதி நிலத்தைத் தொடும் நிலை. பாரம் இறங்கி முழங்கால் மடியும் நிலை. மற்றக் கால் கடந்து செல்லும் நிலை. உடல் மேலெழும் நிலை. தலை ஒரே உயரத்தில் செல்வதில்லை, அலை போல ஏறி இறங்கும். வலது கால் முன்னே போகும்போது இடது கை முன்னே வரும். செக்கனுக்கு 12 சட்டகங்கள் வைத்தால், ஒரு காலடிக்கு 6 சட்டகங்கள் சாதாரண நடையைத் தரும்.

1973இல் சுவீடன் உளவியலாளர் குன்னார் யோகான்சன் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். மூட்டுகளில் சிறு வெளிச்சப் புள்ளிகளைப் பொருத்திய ஒருவரை இருளில் நடக்கவிட்டுப் படமெடுத்தார். புள்ளிகள் மட்டுமே தெரிந்தும், பார்த்தவர்கள் ஒரு மனிதர் நடப்பதாக உடனே சொன்னார்கள். 1977இல் அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வில், அத்தகைய புள்ளிகளைக் கொண்டே சிலர் தம் நண்பர்களை இன்னாரென்று அடையாளம் கண்டார்கள்.

அதை வாசித்த அன்றுதான் எனக்கு உம்மம்மாவின் நினைவு வந்தது.

நான் விட்ட பிழை

உம்மம்மா மௌத்தாகி இரண்டு வருடங்கள். எங்கள் வீட்டில் சுவரில் ஆட்களின் படம் மாட்டும் வழக்கம் இல்லை. அவரும் கமராவுக்கு முகம் கொடுக்கமாட்டார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவிலிருந்து நடந்து போனவர். வலது முழங்கால் அந்த நடையில்தான் பழுதானது என்பார். புத்தளத்தில் பல வருடங்கள் இருந்து, சொந்த ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தக் கால் சரிவரவில்லை.

அவருடைய நடையைச் செய்து பார்க்க விரும்பினேன். வளைந்த முதுகு, கையில் பொல்லு, தலையில் முக்காடு எல்லாம் வைத்தேன். நான்கு நாள் வேலை. தம்பி பார்த்துவிட்டு, “இது ஆரோ கிழவி” என்றான். ‘ஆரோ’ என்ற அந்தச் சொல்தான் எனக்குச் சுட்டது. கிழவி வந்துவிட்டார், உம்மம்மா வரவில்லை.

முக்காட்டை எடுத்துவிட்டு யோசித்தேன். இரண்டு பிழைகள் தெரிந்தன. வலது கால் நோவதால் பொல்லையும் வலது கையில் கொடுத்திருந்தேன். அவர் அதை இடது கையிலேயே பிடிப்பார். நோவுள்ள காலுக்கு எதிர்க் கையில் பிடித்தால்தான் அந்தக் கால் முன்னே போகும்போது பொல்லும் கூடப் போய்ப் பாரத்தைத் தாங்கும். அடுத்தது, இரண்டு காலடிக்கும் சமமாக 6 சட்டகங்கள் கொடுத்திருந்தேன். நோவுள்ள கால் நிலத்தில் நெடுநேரம் நிற்காது. ஆகவே இடது காலில் நிற்க 9 சட்டகங்களும், வலது காலில் நிற்க 5 சட்டகங்களும் கொடுத்தேன். பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. ஏழெட்டு அடிக்கு ஒருமுறை நின்று, பாதையைப் பார்ப்பதுபோல் தலையை நிமிர்த்துவார். களைத்ததைக் காட்டாமலிருக்கத்தான் என்று இப்போது விளங்குகிறது. அதற்கு 10 சட்டகங்கள் அசையாமல் விட்டேன்.

இரவு உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதைச் செய்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. திரையில் வெள்ளைப் பின்னணி. ஒரு வட்டம், சில கறுத்தக் கோடுகள், வேறு ஒன்றுமில்லை. உம்மா கைத்துண்டால் கையைத் துடைத்தபடி பார்த்தார். கோட்டு உருவம் நின்று தலையை நிமிர்த்தியது.

“உம்மா கிணத்தடிக்குப் போறா” என்றார்.

கொஞ்சம் பொறுத்து, “இன்னொருக்காப் போடு” என்றார்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

இன்று வீட்டில் ஒருவரின் நடையைக் கவனியுங்கள். வரைய வேண்டாம், முதலில் எண்ணுங்கள். எந்தக் காலில் அதிக நேரம் நிற்கிறார்? எந்தக் கை குறைவாக ஆடுகிறது? எங்கே நிற்கிறார்? பின் கொப்பியின் மூலைகளில் பக்கத்துக்கு ஒன்றாக 12 சித்திரங்கள் வரைந்து, விரலால் வேகமாகப் புரட்டிப் பாருங்கள். கணினி இல்லாவிட்டாலும் பாடம் இதுதான்.

பிறகு எதுவும் சொல்லாமல் வீட்டாரிடம் காட்டுங்கள். “இது ஓர் ஆள்” என்றால் திருத்துங்கள். பெயரைச் சொன்னால் உங்கள் வேலை முடிந்தது. பார்த்து எண்ண வேண்டியவர்கள் நடமாடும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். நான் நினைவிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.