மழைக்குப் பின் சைக்கிள்

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் சைக்கிளைத் தொடவே இல்லை. பொங்கல் முடிந்ததும் ஈ.சி.ஆரில் பழையபடி 60 கிலோமீட்டர் ஓட்டலாமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: ஓட்டிவிடலாம், மறுநாள் மாடிப்படி ஏறும்போது தெரியும். பயிற்சியை விட்ட இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறையத் தொடங்கிவிடும். அதே வேகத்துக்கு இதயம் இப்போது கூடுதலாகத் துடிப்பது அதனால்தான். அது சீக்கிரம் சரியாகிவிடும். முழங்காலின் தசைநாண்கள்தான் மெதுவாகப் பழகுபவை; மூச்சு இடங்கொடுக்கிறதே என்று அவற்றை விரட்டாதீர்கள். முதல் இரண்டு வாரம் பாதித் தூரம், லேசான கியர், கூட வருபவரோடு திணறாமல் பேச முடிகிற வேகம் போதும். ஸ்ட்ராவா செயலியில் பழைய நேரங்களைத் தேடிப் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உட்காருமிடம் வலிக்கும், ஓட்ட ஓட்டப் பழகிவிடும். கிளம்பும் முன் செயினில் துருவைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.