போர் விமானியா, பயணிகள் விமானியா?

"விமானி ஆகப் போகிறேன்" என்று சொல்லும் நண்பனிடம், "எந்த விமானத்துக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் திகைப்பான். போர் விமானமும் பயணிகள் விமானமும் பறப்பது ஒரே காற்றில்தான். ஆனால் ஓட்டுபவரின் தொழில் வேறு வேறு.

ஒரு திருப்பத்தை எடுத்துக்கொள்வோம். வளைவில் சைக்கிளைச் சாய்க்கிறீர்கள் அல்லவா? விமானமும் சாய்ந்துதான் திரும்புகிறது. அப்போது உயரம் குறையாதிருக்க இறக்கைகள் கூடுதலாகத் தூக்க வேண்டும். அந்தக் கூடுதல் விசையை உள்ளே இருப்பவர் தம் எடையாக உணர்வார். சாய்வுக் கோணத்தின் கொசைனால் 1-ஐ வகுத்தால், எடை எத்தனை மடங்கு என்பது கிடைக்கும்.

பயணிகள் விமானம் வழக்கமாக 30 டிகிரிக்கு மேல் சாயாது. உங்கள் எடை 60 கிலோ என்றால் அப்போது 69 கிலோ. கோப்பையில் உள்ள காபிகூடச் சிந்தாது. 60 டிகிரியில் அது 120 கிலோ. போர் விமானம் 80 டிகிரியையும் தாண்டிச் சாயும். 9 மடங்கு என்றால் 540 கிலோ! இரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்கு ஏற மறுக்கும். முதலில் பார்வை மங்கும். பிறகு நினைவு தப்பும். பயிற்சி இல்லாதவர் 5 மடங்கிலேயே மயங்கக்கூடும். அதனால்தான் போர் விமானி காற்றுப்பைகள் தைத்த உடை அணிகிறார். திருப்பத்தின்போது அவை உப்பி வயிற்றையும் கால்களையும் இறுக்கும். அவரும் தசைகளை முறுக்கி, மூச்சை அடக்கிப் போராட வேண்டும். (விமானப்படையின் சரக்கு விமான ஓட்டிகளுக்கு இந்தப் பாடு இல்லை.)

பயணிகள் விமானியின் திறமையோ, ஒன்றுமே நடக்காதபடி பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. அவருக்குத் தூக்கியெறியும் இருக்கை கிடையாது. பின்னால் இருப்பவர்களுக்கு என்ன நேருமோ, அதுவே அவருக்கும்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஒரு ஏர்பஸ் கிளம்பிய சில நிமிடங்களில் வாத்துக் கூட்டம் மோதியது. இரண்டு எஞ்சின்களும் வலுவிழந்தன. கேப்டன் சல்லன்பெர்கர் முன்பு அமெரிக்க விமானப்படையில் ஃபான்டம் ஜெட் ஓட்டியவர். அவர் விமானத்தைக் கையில் எடுத்தார். துணை விமானி ஸ்கைல்ஸ் எஞ்சினை மீண்டும் இயக்கும் குறிப்புப் பட்டியலை வரிசையாகச் செய்து பார்த்தார். ஏறத்தாழ மூன்றரை நிமிடத்தில் விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தனர். பலர் கேப்டனை மட்டுமே புகழ்கிறார்கள். இருவர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டதுதான் பயணிகள் விமானத் தொழிலின் உயிர்நாடி என்பேன்.

நம் நாட்டில் வழிகள் என்ன? விமானப்படைக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து, கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தேர்வு எழுதலாம். 2022 முதல் மாணவிகளும் சேர்கிறார்கள். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வயது பத்தொன்பதரையைத் தாண்டினால் இந்தக் கதவு மூடிவிடும். பட்டதாரிகளுக்கு வேறு தேர்வு உண்டு. சிவில் உரிமத்துக்கு 18 வயது நிறைந்து, 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கதவு நெடுநாள் திறந்திருக்கும். செலவுதான் பல லட்சம். இரண்டிலும் மனம் உள்ளவர்கள் முதலில் மூடும் கதவை முதலில் தட்டுவதே நல்லது.

கண்ணாடி அணிபவர்கள் சிவில் விமானி ஆகத் தடையில்லை. ஆனால் வீட்டை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டும் முன், மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள்.