சுரிகாட்டா வங்கித் தளத்தையும் தடுக்கிறதே?

கேள்வி: ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறோம். 12 கணினிகள், கேமராக்களுக்கு ஒரு டிவிஆர். இணைய நிறுவனம் தந்த ரவுட்டருக்குப் பின்னால் மினி பிசி ஒன்றில் ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வால் போட்டிருக்கிறேன். அதிலுள்ள ஊடுருவல் கண்டறியும் கருவியான சுரிகாட்டாவை வேன் (வெளி இணைய) பக்கம் இயக்கி, கிடைத்த விதித்தொகுப்புகளை எல்லாம் இறக்கி, அத்தனையையும் ‘டிராப்’ என்று மாற்றினேன். மறுநாள் வங்கித் தளம் திறக்கவில்லை. எச்சரிக்கைப் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடுகிறது. உள்ளே எந்தக் கணினி என்று பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே ஐபி. அணைத்துவிட்டேன். எப்படி அமைப்பது சரி?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் சுரிகாட்டாவை விட்டுவிட்டு, கேபிள்களைப் பாருங்கள். டிவிஆரின் கேபிள் எதில் சொருகியிருக்கிறது? பெரும்பாலான அலுவலகங்களில் கேமரா மாட்ட வந்தவர் அதை இணைய நிறுவனத்தின் ரவுட்டரிலேயே சொருகி, முதலாளி செல்போனில் பார்ப்பதற்காக போர்ட் ஃபார்வர்டிங்கும் போட்டுவிட்டுப் போயிருப்பார். அதே ரவுட்டரின் வைஃபையில் ஊழியர்களின் போன்களும் இருக்கும். இவை எதுவும் உங்கள் மினி பிசி வழியாகப் போகாது. போகாததை சுரிகாட்டா எப்படிப் பார்க்கும்?

அந்த ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிட்டு, மினி பிசிக்குப் பின்னால் ஓர் ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள். டிவிஆருக்கு மினி பிசியில் தனி போர்ட் ஒதுக்குங்கள். கணினிகளோடு ஒரே சுவிட்சில் அது இருந்தால், இரண்டுக்கும் இடையே நடப்பது ரவுட்டருக்கு வராமலே சுவிட்சுக்குள் முடிந்துவிடும். போர்ட் ஃபார்வர்டிங்கை நீக்கிவிட்டு, வெளியிலிருந்து கேமரா பார்க்க வயர்கார்ட் விபிஎன் போடுங்கள்.

டிவிஆரைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், 60-க்கும் மேற்பட்ட பெயர்–கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு டெல்நெட் வழியாகக் கேமராக்களிலும் டிவிஆர்களிலும் புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் திணறவைத்து, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் செய்தது. அப்படித் தொற்றிய டிவிஆர் உங்களிடம் இருந்தால் படம் வழக்கம்போலத்தான் வரும். ஆனால் அது வெளியே கண்ட கண்ட முகவரிகளின் 23-ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டிருக்கும். சிறிய அலுவலகத்தில் சுரிகாட்டாவின் உண்மையான பயன் இதைக் காட்டிக்கொடுப்பதுதான். வெளியிலிருந்து வருபவர்களை ஃபயர்வாலே கவனித்துக்கொள்ளும்.

ஆகவே இயக்க வேண்டியது லேன் (உள் வலை) பக்கமும் டிவிஆருக்கு ஒதுக்கிய போர்ட்டிலும். வேன் பக்கம் வைத்தால் முகவரி மாற்றம் முடிந்த பிறகுதான் அதன் கண்ணில் படும். 12 கணினிகளும் ஒரே ஐபியாகத் தெரிந்தது அதனால்தான். அங்கே வரும் எச்சரிக்கைகளில் பெரும்பகுதி, ஃபயர்வால் எப்படியும் தள்ளிவிடப்போகும் வெளியுலக ஸ்கேன்கள். மேலும், ஓபிஎன்சென்ஸின் நெட்மேப் தடுப்பு முறைக்கும் பிபிபிஓஇ இணைப்புக்கும் ஒத்துப்போகாது.

இன்டர்ஃபேஸ் அமைப்புகளில் செக்சம், டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ ஆகிய மூன்று ஹார்டுவேர் ஆஃப்லோடு வசதிகளையும் அணைத்துவிடுங்கள். ரேம் 8 ஜிபி இருந்தால் நிம்மதி. வேகம் கொஞ்சம் குறையும்.

இனி விதிகள். எமர்ஜிங் த்ரெட்ஸ் இலவசத் தொகுப்பில் மால்வேர், எக்ஸ்ப்ளாய்ட், அட்டாக் ரெஸ்பான்ஸ், ஸ்கேன் ஆகியவற்றோடு அப்யூஸ்.சிஎச் பட்டியல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஃபோ, பாலிசி போன்றவை தகவலுக்காக எழுதப்பட்டவை. ஒருவர் ஒரு செயலியைப் பயன்படுத்துகிறார் என்பதே அவற்றுக்குச் செய்தி. அவற்றையும் ‘டிராப்’ ஆக்கினால் வங்கித் தளம் மட்டுமா, இன்னும் பலதும் நிற்கும்.

எல்லாமே ‘அலர்ட்’டில் இருக்கட்டும். வேலை செய்கிறதா என்று பார்க்க டெஸ்ட்மைநிட்ஸ் என்ற சோதனைத் தளம் இருக்கிறது. அதன் யுஐடி பக்கத்தை எச்டிடிபியில் திறந்தால், ரூட் பயனரின் அடையாளம் போல ஒரே ஒரு வரி வரும். எச்சரிக்கைப் பட்டியலில் 2100498 என்ற விதி எண்ணும், திறந்த கணினியின் ஐபியும் விழ வேண்டும். எச்டிடிபிஎஸ்ஸில் திறந்தால் விழாது. இன்று பெரும்பாலான போக்குவரத்து அப்படி மறையாக்கப்பட்டதுதான். போகும் முகவரி, டிஎன்எஸ் கேள்விகள், டிஎல்எஸ் தொடக்கத்தில் வரும் தளப் பெயர் ஆகியவற்றை வைத்துத்தான் சுரிகாட்டா முடிவெடுக்கிறது. ஆன்டிவைரஸை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு மாதமாவது இப்படியே ஓடட்டும். உங்கள் அலுவலகத்தில் மாத முதல் வாரமும் ஜிஎஸ்டி தாக்கல் நாட்களும் ஒரே மாதிரி இருக்காது. தினமும் பட்டியலைப் பார்த்து, வீண் எச்சரிக்கை தரும் விதிகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். சந்தேகம் வந்தால் அந்த ஐபி எந்தக் கணினி என்று பார்த்து, அதில் உட்காருபவரிடமே கேளுங்கள். பாதி மர்மம் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு மால்வேர், அப்யூஸ்.சிஎச் இரண்டை மட்டும் ‘டிராப்’ ஆக்குங்கள். மற்றவை ‘அலர்ட்’டிலேயே இருந்தால் குடி முழுகிவிடாது.

பதிவுகளை வேறொரு கணினிக்கும் அனுப்பி வையுங்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவு, பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், அதில் பட்டியலிட்ட தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது.

இதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்றால், அந்த போர்ட் ஃபார்வர்டிங்கை மட்டுமாவது இன்றே நீக்கிவிடுங்கள்.