சண்டைக்கு நடுவே ஒரு கிழவி

கேள்வி: 'தூள்' படத்தில் விக்ரம் சண்டை போடும்போது பாடுவாரே, பரவை முனியம்மா. அவர் வாழ்க்கை பற்றிச் சொல்லுங்களேன். (வாசகி, மண்ணச்சநல்லூர்)

பதில்: பொன்னி அரிசி ஊரிலிருந்து நாட்டுப்பாட்டுக்காரியைப் பற்றிக் கேட்கிறீர்கள். பொருத்தம்தான்! மதுரை பக்கம் பரவையில் பிறந்தவர். 'தூள்' வந்த 2003-இல் அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. சினிமாதான் அவரைக் கண்டெடுத்தது என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே கோயில் திருவிழா மேடைகளில் பாடிப் பழுத்த குரல் அது. மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். அந்தச் சண்டைக்காட்சியைத் திரும்பப் பாருங்கள்: பின்கொசுவச் சேலைக் கிழவி அசராமல் பாட, அடிக்குத் தாளமே அவர் குரல்தான். இசை வித்யாசாகர். 1985-இல் 'ஆண்பாவம்' படத்தில் இன்னொரு நாட்டுப்பாட்டுக்காரி கொல்லங்குடி கருப்பாயி போட்ட பாதை இது.

பிறகு 'தமிழ்ப் படம்', 'மான் கராத்தே' என்று நடித்தார், டி.வி.யில் சமைத்தும் காட்டினார். ஆனால் கைதட்டலில் உலை கொதிக்குமா? உடம்பு முடியாமல் போனபோது, 2015-இல் முதல்வர் ஜெயலலிதா ஆறு லட்சம் ரூபாயை வைப்புநிதியாகப் போட்டு, மாத வட்டி கிடைக்க வழி செய்தார். கலைமாமணியும் வந்தது. 2020 மார்ச் 29-இல் காலமானார். கொரோனா ஊரடங்கு தொடங்கி ஐந்தாம் நாள். ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்தவர், கூட்டம் கூடக் கூடாத நாளில் போனார்.