ரிப்போர்ட்டை ஏஐயிடம் காட்டலாமா?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதுவரை பொறுக்க மாட்டாமல் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து சாட்ஜிபிடியிடம் கொடுத்து, ‘எனக்கு என்ன நோய்?’ என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கேட்பதில் தவறில்லை. எதைக் கேட்கிறீர்கள், வந்த பதிலை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

மருத்துவத்தில் ஏஐ நல்ல வேலைகளைச் செய்துவருகிறது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்திருக்கிறதா என்று படத்தைப் பார்த்தே சொல்லும் ஏஐ பற்றி, கூகுள் ஆய்வாளர்கள் 2016-ல் கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 1,28,000 விழித்திரைப் படங்களைக் கொண்டு அதைப் பழக்கினார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் அறிகுறியைக் கண்டறியும் மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. இவை ஒரே ஒரு வேலைக்காகப் பழக்கி, அந்த வேலையிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டவை.

உங்கள் போனில் இருக்கும் சாட்பாட் வேறு வகை. படித்த ஏராளமான பக்கங்களை வைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிறது. சரியான பதிலையும் தப்பான பதிலையும் ஒரே உறுதியான குரலில் சொல்லும். அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவர், உணவில் உப்பைத் தவிர்க்க நினைத்து சாட்ஜிபிடியிடம் யோசனை கேட்டபின், மூன்று மாதம் உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடு என்ற ரசாயனத்தைச் சேர்த்துக்கொண்டார். மனம் குழம்பி, பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைப்பதாகச் சந்தேகப்படும் நிலைக்குப் போய், மூன்று வாரம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. 2025-ல் ஒரு மருத்துவ இதழில் இது பதிவாகியிருக்கிறது.

ஆகவே, இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

நோயைக் கேட்காதீர்கள், விளக்கம் கேளுங்கள். ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.4 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். கட்டுமஸ்தான 25 வயது இளைஞருக்கு அது பெரிய கவலையாக இல்லாமல் போகலாம். மெலிந்த 70 வயது அம்மாவுக்கோ, சிறுநீரகம் கணிசமாகத் தளர்ந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். எண் ஒன்றுதான், ஆள்தான் வேறு. அதனால், ‘கிரியாட்டினின் எதைக் காட்டுகிறது? டாக்டரிடம் நான் என்னென்ன கேட்க வேண்டும்?’ என்று கேளுங்கள். கிடைக்கும் கேள்விகளில் முக்கியமான மூன்றைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

மாத்திரையில் கை வைக்காதீர்கள். ஏஐ சொன்னது என்று எதையும் புதிதாகத் தொடங்கவோ, நிறுத்தவோ, பாதியாக்கவோ கூடாது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும் ஆபத்து இருக்கிறது. சந்தேகம் இருந்தால் எழுதிக்கொடுத்த டாக்டரையே கேளுங்கள்.

பெயரை வெட்டிவிட்டு அனுப்புங்கள். ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் பெயர், போன் நம்பர், லேப் எண் எல்லாம் இருக்கும். அதை கிராப் செய்து, எண்கள் உள்ள பகுதியை மட்டும் கொடுங்கள். வயது, ஆணா பெண்ணா என்பதைச் சொன்னால் போதும்.

அவசரத்தில் போனைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொள்ளுதல் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியால் வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அறிகுறிகளை டைப் செய்து பதிலுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அதில் கழிகிறது.

சர்க்கரை உள்ளவர்கள், சாட்பாட்டிடம் கேட்டாயிற்று என்று விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பார்வை நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை அவசியம். பாதிப்பு தொடங்கும்போது பெரும்பாலும் எதுவும் தெரியாது.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘ஏஐயில் பார்த்தேன்’ என்று நோயாளி சொன்னால் கோபப்படாதீர்கள். என்ன பார்த்தார் என்று கேளுங்கள். அதில் தப்பு இருந்தால் திருத்துவதற்கு உங்கள் அறையைவிட நல்ல இடம் வேறு இல்லை. திட்டு வாங்கியவர் அடுத்த முறை ஏஐயை விட்டுவிட மாட்டார், உங்களிடம் சொல்வதைத்தான் விட்டுவிடுவார்.