பேத்தியா என்று கேட்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. உன் அண்ணன் விபத்தில் போன துக்கம் ஆறுவதற்குள், அவன் பிள்ளை என்று ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருப்பதை எழுதியிருந்தாய். "டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துடலாமா மாமா?" என்று கேட்டாய். எடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் தெரியவேண்டியது, இருவருக்கும் கல்யாணம் நடந்ததா என்பதுதான்.

நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றித் தாலி கட்டினான் என்று அவள் சொல்கிறாள். ஐயரும் இல்லை, மண்டபமும் இல்லை, பதிவும் இல்லை, அது என்ன கல்யாணம் என்கிறார் என் அத்தான், உன் அப்பா. சட்டம் அப்படிப் பார்க்காது. 1967-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. உறவினரோ நண்பர்களோ இருக்க, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். ஊரைக் கூட்டி அறிவிக்கவேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே, அன்று உடனிருந்த நண்பர்கள் யார் என்று முதலில் விசாரி. அவர்கள் போனில் போட்டோ இருக்கும்.

கல்யாணம் நடந்தது உறுதியானால் டெஸ்டே தேவையில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 116. திருமணம் நிலைத்திருக்கும்போதோ, அது முடிந்து 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்யாத நிலையிலோ பிறக்கும் குழந்தை அந்தக் கணவனுடையதே என்கிறது அது. இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால்தான் அதை மறுக்கலாம். அண்ணன் இறந்தபோது குழந்தை வயிற்றில் இருந்தது என்பதாலும் அதன் பங்கு குறையாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவன் சொத்தில் தாய், மனைவி, மகள் மூவருக்கும் சமபங்கு. விபத்து இழப்பீட்டு மனு போடும்போதும் தாயையும் சேயையும் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கல்யாணத்தை நிரூபிக்க முடியாமல் போனால்? அப்போது டெஸ்ட் உதவும். குழந்தை பெண்ணாக இருப்பது இங்கே நல்லதாய்ப் போயிற்று. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. தகப்பனிடம் இருந்ததோ ஒரே எக்ஸ், அதுவும் அவன் தாயிடமிருந்து வந்தது. ஆகவே உன் அம்மா அந்தக் குழந்தையின் அப்பத்தா என்றால், எக்ஸில் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் இருவருக்கும் ஒரு பொருத்தம் இருந்தாகவேண்டும். பல இடங்களில் பொருந்தாவிட்டால் உறவில்லை. ஆண் குழந்தையாக இருந்தால் தாத்தாவின் ஒய் குரோமோசோமைப் பார்ப்பார்கள். ஆனால் அது சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் ஒன்றுபோல இருப்பதால் இன்னார்தான் தகப்பன் என்று பிரித்துச் சொல்லாது. அத்தான், அக்கா, குழந்தை, அதன் தாய் நால்வருமே மாதிரி கொடுத்தால் முடிவு இன்னும் வலுவாக இருக்கும்.

பாட்டன் பாட்டியைக் கொண்டு பேரப்பிள்ளையை அறியும் இந்த முறைக்கு வழிவகுத்தவர்கள் அர்ஜென்டினாவின் பாட்டிமார். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சி அவர்கள் பிள்ளைகளைக் கடத்திக் கொன்றது. பேரக்குழந்தைகள் வேறு வீடுகளில் வேறு பெயரில் வளர்ந்தார்கள். பெற்றவர்கள் இல்லாமல் எங்கள் ரத்தத்தை வைத்து உறவை நிரூபிக்க முடியுமா என்று அவர்கள் விஞ்ஞானிகளைத் தேடிப்போய்க் கேட்டார்கள். மேரி-கிளேர் கிங் போன்ற மரபியல் அறிஞர்கள் வழி கண்டார்கள். 1984-ல் அப்படி ஒரு பேத்தி தன் குடும்பத்துக்குத் திரும்பினாள். பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளப் பிறந்த சோதனை இது. உங்கள் வீட்டிலும் அந்த மனதோடுதான் இதைச் செய்யவேண்டும்.

குழந்தையின் முடியை அவளுக்குத் தெரியாமல் கத்தரித்து அனுப்பலாம் என்று சித்தப்பா சொன்னதற்கு ஒத்துக்கொள்ளாதே. அது அநியாயம். வேரில்லாத முடி இந்தச் சோதனைக்குச் சரிவராது, நீதிமன்றத்திலும் நிற்காது. தாயின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு செய்யுங்கள். பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறம் தடவி எடுப்பார்கள், குழந்தைக்கு வலிக்காது. அடையாளம் சரிபார்த்து, எல்லோர் கண்ணெதிரிலும் உறையை ஒட்டி, சீல் வைத்துக் கையெழுத்து வாங்கவேண்டும். செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். ரிப்போர்ட் பேத்தி என்று சொல்லிவிட்டால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது. கல்யாணமே இல்லாமல் பிறந்த பிள்ளையை வாரிசுரிமைச் சட்டம் தாய்வழி உறவாக மட்டுமே பார்க்கிறது. அங்கே சட்டம் கைவிடும் பிள்ளையைத் தாத்தாவும் அப்பத்தாவும்தான் தாங்கவேண்டும். தங்கள் சொந்தச் சொத்தில் உயிலோ தானசெட்டில்மென்ட் பத்திரமோ அவர்கள் எழுதிவைக்கலாம். அதற்கு மனமிருக்கிறதா என்பதை டெஸ்டுக்கு முன்பே அவர்கள் முடிவு செய்யட்டும். ரிப்போர்ட் வந்தபின் பின்வாங்குவதானால், அந்தத் தாயை ஊசிமுனையில் நிறுத்தவே வேண்டாம்.

முடிவு வேறு மாதிரி வந்தாலும் அவளைப் பழிக்க யாருக்கும் உரிமையில்லை. அந்த ரிப்போர்ட் நாலு பேர் வாயில் விழாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு.

வருகிற ஞாயிறு வருகிறேன். அத்தானிடம் நான் பேசுகிறேன். அதற்குள் அந்த நண்பர்களின் போன் நம்பரை வாங்கி வை. குழந்தைக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்றா என்றும் அவளிடம் கேள்.

அன்புடன்,
மாமா