எந்த மொழியில் வலிக்கிறது?

அன்புள்ள தங்கைக்கு,

மும்பையின் தியோனாரில் படிப்பை முடித்துவிட்டு, திங்கள்கிழமை தாராவியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆலோசகராகச் சேர்கிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. 1936இல் தொடங்கிய உன் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், மறு ஆண்டே இந்த ஊரில் குழந்தைகளின் மனநலத்துக்கென்று ஒரு மருத்துவ நிலையம் திறந்தது. அந்த வழியில் வருகிறவள் நீ.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். தாராவிப் பிள்ளைக்கு வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் மராத்தியோ ஆங்கிலமோ. அதற்கு எந்த மொழியில் வலிக்கிறது என்று முதலில் கண்டுபிடி.

நான் ஆலோசகராக இருந்த பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். வாயே திறப்பதில்லை என்று என்னிடம் அனுப்பினார்கள். இந்தியில் எதைக் கேட்டாலும் ‘டீக் ஹே’ (சரி) என்பதுதான் பதில். தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவில் வாங்கிய களிமண்ணை வைத்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். உருட்டி உருட்டித் தட்டினான். வரிசையாக இட்லி, பக்கத்தில் ஒரு மூடி.

“யாருல அவிச்சது?” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். “எங்கம்மா. இப்ப ஆச்சிதான் அவிக்கா. அம்மா ஊருக்குப் போயிட்டா. வரமாட்டாளாம்.”

மூன்று வாரமாக அதைச் சுமந்துகொண்டுதான் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் மொழியில் யாரும் கேட்கவில்லை.

எல்லா மொழியும் உனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. களிமண், கலர் பென்சில், ஒரு பாய் இருந்தால் பாதி வேலை நடக்கும். மீதிக்கு ஆயாம்மாவைக் கேள். எந்தப் பிள்ளை சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடுகிறது என்று அவருக்குத் தெரியும்.

பெற்றோரைக் கூப்பிட்டால், “எம்புள்ளைக்குப் பைத்தியமா?” என்ற பயத்தோடுதான் வருவார்கள். முதல் நாளே நோயின் பெயரைச் சொல்லாதே. பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கு.

“யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடுக்காதே. பாலியல் கொடுமை என்று தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நீ புகார் கொடுத்தே ஆக வேண்டும். “உன்னைக் காப்பாற்றத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று முன்பே சொல்லிவிடு. 1098 என்ற எண்ணையும் சொல்லிக்கொடு. 1996இல் இந்த மும்பையில் பிறந்த குழந்தைகள் உதவி எண் அது.

அந்தப் பையன் அதன்பிறகு ஒவ்வொரு செவ்வாயும் என் கதவருகே வந்து நிற்பான். “அக்கா, இன்னிக்கு நம்ம நாள்தானே?”

ஒருத்தி வரமாட்டாள் என்று கேட்ட பிள்ளை அது. மழை பெய்தாலும், ரயில் நின்றாலும், சொன்ன கிழமையில் நீ அங்கே இரு.

அன்புடன்,
உன் அக்கா,
செம்பூர்